ஐம்பது கேலன் தொட்டியில் மாணிக்கம்

நீலசந்திரா, பெங்களூரு
ஞாயிறு, காலை

மதிப்பிற்குரிய சம்பந்தி வெங்கடகிருஷ்ணன் அவர்களுக்கு, மோனிகாவின் அப்பா ஜெயவேலு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் சின்னத்தாயும் சுகம். ஹெப்பகோடியில் உங்கள் மகன் அஷ்வினும் என் மகள் மோனிகாவும் சுகம். மாணிக்கமும் சுகம். கடைசியாகச் சொன்னதை இப்போதே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. கடிதத்தின் நடுவில் சில இடங்களில் உங்களுக்கு அப்படித் தோன்றாமல் போகலாம். அந்த இடங்களில் தயவுசெய்து இந்தப் பத்தியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளவும். அங்கே அமெரிக்காவில் நீங்களும் சம்பந்தியம்மா வனஜா அவர்களும், பிள்ளை பெற்ற உடம்போடு இருக்கும் வித்யாலட்சுமியும், பிறந்து பத்து நாளான பேத்தியும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு மேலதிகாரி முன்னால் நிற்பது மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு வார்த்தைக்கு மேல் வருவதில்லை. பிள்ளைகள் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம், ஒன்றரை வருஷமாக நீங்களும் நானும் "சாப்பிட்டீர்களா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டியதில்லை. அப்படி இருக்கையில் ஊருக்குக் கிளம்பும்போது தொம்மலூர் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்து, "மாணிக்கத்தை நீங்கதான் பாத்துக்கணும்" என்றீர்கள். ஹெப்பகோடியிலிருந்து பிள்ளைகள் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வந்து சேர்வதற்குள் ஒரு மீனுக்குப் பசி எடுத்துவிடும், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதுதான் நீங்கள் சொன்ன காரணம். எனக்கோ அது நீங்கள் என்னிடம் கேட்ட முதல் உதவி. அன்று வீட்டுக்கு வந்து சின்னத்தாயிடம் சாவியைக் காட்டியபோது, "இன்னாங்க, வீட்டையே எழுதிக் குடுத்த மாதிரி ஆடுறீங்க" என்றாள். ஆடினேன் என்பது உண்மை.

பத்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலை ஏழரைக்குப் போவேன். நீங்கள் எழுதி வைத்த நான்கு பக்கத் தாளில் உள்ளபடி தீனி, விளக்கு, வடிகட்டி எல்லாம் பார்ப்பேன். மாணிக்கமும் என்னோடு பழகிவிட்டான். முன்நெற்றியில் அந்தப் பெரிய புடைப்பை வைத்துக்கொண்டு கண்ணாடி ஓரமாக வந்து என்னைப் பார்ப்பான். நான் இடது பக்கம் போனால் இடது பக்கம் வருவான். பதினோராம் நாள், போன புதன்கிழமை, வாலிலும் செதிலிலும் உப்புத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். தீனியையும் தொடவில்லை. உங்களுக்குப் போன் போட்டிருக்க வேண்டும், தப்புத்தான். ஆனால் முதல் உதவியிலேயே "மீனுக்கு உடம்பு சரியில்லை" என்று எந்த முகத்தோடு சொல்வது? உங்கள் தாளின் மூன்றாம் பக்கத்தில் வழி இருந்தது. வெள்ளைப் புள்ளி வந்தால் அலமாரியில் உள்ள நீல மருந்து, பத்து கேலனுக்கு ஒரு டீஸ்பூன், தொட்டி ஐம்பது கேலன் என்று எழுதி, டீஸ்பூன் என்பதற்கு ஆங்கில எழுத்து 'டி'யை மட்டும் சுருக்கமாகப் போட்டிருந்தீர்கள்.

இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தங்கவயல் சுரங்கத்தில் இருபத்து மூன்று வருஷம் நான் இருந்தது பம்பு ஹவுஸில். பூமிக்கு அடியில் ஊறும் தண்ணீரை ஷிஃப்டுக்கு இத்தனை கேலன் மேலே தள்ளினோம் என்று நோட்டில் எழுதுவதுதான் வேலை. ஒரு கேலன் நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கன அடிக்கு ஆறேகால் கேலன் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆகவே கேலன் என்ற சொல்லைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைக் கண்டது மாதிரி இருந்தது. மருந்து ஊற்றும் முன் அளவைச் சரிபார்ப்பது என் பழக்கம். டேப்பை எடுத்துத் தொட்டியை அளந்தேன். நீளம் மூன்றடி, அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. பெருக்கினால் ஆறே முக்கால் கன அடி. ஆறேகாலால் பெருக்கினால் நாற்பத்திரண்டு கேலன். மூன்று முறை போட்டுப் பார்த்தேன், நாற்பத்திரண்டுதான். ஐம்பது கேலன் என்று சொல்லி எட்டு கேலன் குறைவான தொட்டியை எவனோ என் சம்பந்தி தலையில் கட்டியிருக்கிறான்!

சம்பந்தி, எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. தொட்டியின் பின்புறம் கடைக்காரர் வின்சென்ட் ஒட்டிய சீட்டு இருந்தது. கடை எங்கள் நீலசந்திராவிலேயே, மார்க்கெட் சந்தில். நேராகப் போய் நின்றேன். நாற்பது வயது இருக்கும், மீன் வலையைக் கையில் வைத்திருந்தார்.

"என்னாப்பா, எங்க சம்பந்திக்கு அம்பது கேலன் தொட்டின்னு சொல்லி நாப்பத்திரெண்டு குடுத்துக்கீற?"

"யாரு அங்கிள், தொம்மலூர் வெங்கட் சாரா? அது அம்பதுதான். நானே நின்னு செஞ்சது."

"நான் அளந்தேன்யா. நாப்பத்திரெண்டு."

அவர் சிரித்துவிட்டார். "நீங்க எந்த கேலன்ல அளந்தீங்க?"

"கேலன்ல என்னா எந்த கேலன்?"

"அங்கிள், நீங்க சொல்றது இங்கிலீஷ்காரன் கேலன், நாலரை லிட்டர். மீன் தொட்டிக்கெல்லாம் அமெரிக்கா கேலன். அது மூணே முக்கால் லிட்டரும் ஸ்வல்பமும்தான். லிட்டர்ல சொல்லணும்னா உங்க சம்பந்தி தொட்டி நூத்தித் தொண்ணூறு லிட்டர். எந்தக் கேலன்ல போட்டாலும் தண்ணி அதேதான்."

"ஒரு கேலனுக்கு முக்கால் லிட்டரு கொறையுது. அதை எவன் குடிச்சான்?"

"அதை அமெரிக்காக்காரன கேளுங்க. மருந்து எதாச்சும் ஊத்தப் போறீங்களா? மில்லியில கணக்குப் போட்டுத் தர்றேன், ரெண்டு நிமிஷம் இருங்க."

இருந்திருக்க வேண்டும். இருபத்து மூன்று வருஷம் தண்ணீரை அளந்தவனுக்கு ஒரு மீன் கடைக்காரர் கேலன் சொல்லித் தருவதா என்று விறுவிறு என்று திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்று வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு வந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. வின்சென்டிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அது பிறகு வரும்.

தொம்மலூருக்குத் திரும்பி, நாற்பத்திரண்டு கேலனுக்கு நாலேகால் டீஸ்பூன் என்று முடிவு செய்தேன். உங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு வளையத்தில் கோத்த அளவுக் கரண்டிகள் இருந்தன, வித்யாலட்சுமி அங்கிருந்து வாங்கி அனுப்பியது போல. ஒவ்வொன்றின் காம்பிலும் எழுத்து குத்தியிருந்தது. ஒன்றில் பெரிய 'டி', ஒன்றில் சின்ன 'டி'. நீங்கள் தாளில் எழுதியது சின்னதா பெரியதா என்று நான் பார்க்கவில்லை. டீ என்றால் டீஸ்பூன், அதிலும் பெரிய டீ என்றால் சந்தேகமில்லாத டீஸ்பூன் என்று பெரியதை எடுத்தேன். கரண்டி கொஞ்சம் ஆழமாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் டீயை நிறையக் குடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய 'டி' என்பது மேஜைக்கரண்டி, ஒன்றில் மூன்று டீஸ்பூன் அடங்கும் என்பதை மறுநாள்தான் அறிந்தேன்.

முதல் கரண்டி ஊற்றியதும் தண்ணீரில் நீலப் புகை மாதிரி அழகாகப் பரவியது. இரண்டாவதில் பின்னால் இருந்த கல் மறைந்தது. மூன்றாவதில் வடிகட்டி மறைந்தது. நாலேகாலும் முடிந்தபோது உங்கள் ஹாலில் ஒரு பேனா மைப் புட்டி மூன்றடி நீளத்தில் நின்றது. மாணிக்கத்தைக் காணவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன், விளக்கைப் போட்டுப் பார்த்தேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பயத்தில் வராந்தாவுக்கு ஓடி வந்து சின்னத்தாய்க்குப் போன் போட்டு, "மாணிக்கத்தைக் காணோம்டி! கண்ணுக்கே தெரியல!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில்தான் எதிர்வீட்டு பார்கவி கதவைத் திறந்து, கன்னடமும் தமிழுமாக விசாரித்தார். நல்ல பெண்மணி, அவரைக் கோபிக்க வேண்டாம்.

"ஏன் ஆயித்து அங்கிள்? யாரு காணோம்?"

"மாணிக்கம்மா. எங்க சம்பந்தி உசுரையே வச்சிருக்காரு அவன் மேல."

"ஐயோ! வயசு எஷ்டு?"

"ரெண்டு."

"ரெண்டு வயசுக் குழந்தையா! அடையாளம் சொல்லுங்க, சீக்கிரம்."

"செவப்பா இருப்பான். நெத்தியில பெருசா புடைச்சிருக்கும். உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாப் புள்ளி."

அடிபட்ட, அம்மை போட்ட குழந்தை என்று அவர் நினைத்ததில் தப்பேயில்லை. நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அதை அப்படியே உங்கள் குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டார். ஐந்து நிமிஷத்தில் வராந்தாவில் பதினோரு பேர். இரண்டு பேர் மாடிக்கு ஓடினார்கள். காவலாளி கேட்டைப் பூட்டிவிட்டார். குழுவில் நீங்களும் இருப்பதால் "வெங்கட் சார் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை மாணிக்கம் காணவில்லை" என்ற செய்தி அன்று இல்லாவிட்டாலும் பிறகு உங்கள் கண்ணில் பட்டிருக்கும். நம் வீட்டில் அப்படி ஒரு குழந்தை எப்போது வந்தது என்று சம்பந்தியம்மா கலங்கியிருக்கலாம். அப்படி யாரும் இல்லை. மோனிகா விசேஷம் எதையும் நம்மிடம் மறைக்கவில்லை. பதினோரு பேரையும் உள்ளே அழைத்துப்போய்த் தொட்டியைக் காட்டினேன். ஒருவர், "அங்கிள், இதுல மீனு இருக்கா?" என்று கேட்டார். அதுதான் அன்றைய நாளிலேயே மோசமான நேரம். அவர்கள் போனதும் உங்கள் சோபாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் சாவி சட்டைப் பையில் கல் மாதிரி கனத்தது.

சின்னத்தாய் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். உள்ளே வந்ததும் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சொட்டு நீலத்தைக் கொட்டிட்டீங்களா?" என்றாள். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் விடுவோம் என்று அவள் சொன்னதில் எனக்கு உயிர் வந்தது, ஏனென்றால் தண்ணீர் எடுப்பது என் தொழில். நெளியும் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். சுரங்கத்தில் ஆயிரம் முறை செய்தது. தண்ணீர் வந்ததும் வாயை எடுக்க வேண்டும், ஒரு நொடி தாமதமாகிவிட்டது. வாய் நிறைய மருந்து. நான் இருமிய இருமலில் குழாய் பக்கெட்டை விட்டுத் துள்ளி, உங்கள் வெள்ளைச் சோபாவின் வலது கை மேல் விழுந்து, சின்னத்தாய் ஓடி வந்து பிடிப்பதற்குள் அங்கிருந்து தரைக்கும், தரையிலிருந்து அவள் கால் வழியாகக் குளியலறை வரைக்கும் போய்விட்டது. அத்தோடு அன்று தண்ணீர் எடுப்பதை விட்டுவிட்டோம். கண்ணாடியில் பார்த்தேன். பல், நாக்கு, உதடு எல்லாம் நல்ல நீலம். மறுநாள் காலை என் உடம்பிலிருந்து கண்ட வேறொரு நீலத்தைப் பற்றிச் சம்பந்திக்கு எழுதுவது மரியாதையாகாது. டாக்டரிடம் கேட்டேன், ஒன்றும் ஆகாது, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார்.

இந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் வீடியோ கால் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். சின்னத்தாய்தான் எடுத்தாள். "அவருக்குப் பல்லு வலிங்க, வாயத் தொறக்க முடியல" என்றாள். நீங்கள் உடனே என் முகத்தைக் காட்டச் சொல்லி, எந்தப் பக்கம் வலி, ராத்திரி தூங்கினீர்களா, கிராம்புத் தைலம் வையுங்கள், சூடாக எதுவும் வேண்டாம், நம் இந்திரா நகரில் தெரிந்த பல் டாக்டர் இருக்கிறார், என் பேரைச் சொல்லுங்கள் என்று கால் மணி நேரம் பேசினீர்கள். உங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் பல் வலி வருமென்றும், அவர் முரண்டு பிடித்து டாக்டரிடம் போகாமல் இருப்பாரென்றும் சொல்லிச் சிரித்தீர்கள். சம்பந்தி, ஒன்றரை வருஷத்தில் நீங்கள் என்னிடம் மனசு விட்டுப் பேசியது அன்றுதான். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மாடு மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு "எங்க, மாணிக்கத்தைக் காட்டுங்க" என்றீர்கள். சின்னத்தாய் வேறு வழியில்லாமல் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். "ஒண்ணுமே தெரியலையே, வெறும் நீலமா வருது. உங்க போன் ஸ்க்ரீன் போயிடுச்சு போல, அஷ்வின் கிட்ட சொல்லி மாத்தச் சொல்றேன்" என்றீர்கள். "ஆமாங்க, பழைய போனுங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம். எங்கள் போனில் ஒரு குறையும் இல்லை. அஷ்வின் புதுப் போன் எதுவும் வாங்கித் தர வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லிவிடவும், நேற்றே வந்து மாடல் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே வின்சென்ட் வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவர் என் பல்லைப் பார்த்துவிட்டு, "ஊத்திட்டீங்களா?" என்றார். கரண்டியைக் காட்டினேன். கணக்குப் போட்டார். ஐம்பது அமெரிக்க கேலனுக்கு ஐந்து டீஸ்பூன், அதாவது இருபத்தைந்து மில்லி போதும். நான் விட்டது அறுபத்து மூன்று. "நீங்க வெங்கட் சார் சொன்ன மாதிரி அம்பதுன்னு எடுத்துக்கிட்டு இந்தக் கரண்டியால அஞ்சு ஊத்தியிருந்தா எழுபத்தி நாலு போயிருக்கும் அங்கிள். உங்க பழைய கேலன் பதினோரு மில்லியைப் புடிச்சு நிறுத்தியிருக்கு" என்றார். சுரங்கம் மூடி இத்தனை வருஷம் கழித்து என் கேலன் ஒரு உயிருக்கு உதவியிருக்கிறது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. கணக்கில் உள்ளதைச் சொல்கிறேன். பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய அப்பாவும் எங்கள் தங்கவயல் மாரிக்குப்பத்துக்காரர், சுரங்கத்து மெஷின் ஷாப்பில் இருந்தவர் என்று தெரிந்தது. "எங்கப்பாவும் உங்கள மாதிரியேதான், கேலன விட்டுக் குடுக்கவே மாட்டாரு" என்று கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார்.

ஒரேயடியாகத் தண்ணீரை மாற்றினால் மாணிக்கம் தாங்க மாட்டான் என்று, பதினைந்து லிட்டர் பக்கெட்டால் அன்று நாலு பக்கெட் எடுத்து நாலு விட்டோம். வெள்ளிக்கிழமை மறுபடி நாலு. இரண்டாம் நாள் மூன்றாவது பக்கெட்டில் தண்ணீர் லேசாக வெளுத்தது, மூலையில் ஒரு புடைப்பு தெரிந்தது, அப்புறம் ஒரு கண். கண்ணாடி ஓரமாக வந்து என்னை ஒரு பார்வை பார்த்தான். சின்னத்தாய், "இவரப் பாக்கவே புடிக்கலையாம், திரும்பிக்கிச்சு பாருங்க" என்றாள். எனக்கோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வின்சென்ட், எங்கள் வீட்டில் கிடந்த பழைய மருந்து சிரிஞ்சு ஒன்றில் மில்லிக் கோட்டில் சிவப்பு மையால் குறி போட்டுத் தந்திருக்கிறார். இனி எல்லாம் மில்லிதான். நேற்றோடு புள்ளிகள் போய்விட்டன. முன்பைவிட அதிகமாகச் சாப்பிடுகிறான், வயிறு உருண்டையாகிவிட்டது.

சோபாவின் வலது கை போகவில்லை. எலுமிச்சை, பேக்கிங் சோடா, பல்பொடி எல்லாம் போட்டுத் தேய்த்தோம். நீலம் இருந்த இடத்தில் இப்போது இளநீலம் இருக்கிறது. சின்னத்தாய் மேலே ஒரு பூப்போட்ட துணியை விரித்திருக்கிறாள். குளியலறைத் தரை மெல்ல மெல்லப் போகும் என்கிறார்கள். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன், மறைத்தது ஒன்றும் இல்லை. உங்களுக்குக் கோபம் வந்தால் நேராகவே திட்டுங்கள். பல் நன்றாகத்தான் இருக்கிறது, பதில் பேசுவேன். ஆனால் கிராம்பு பற்றியும் உங்கள் அப்பாவைப் பற்றியும் பேசியது மாதிரி இன்னொரு முறை பேசினால் சந்தோஷப்படுவேன்.

பேத்தி ஒரு வேளைக்கு மூன்று அவுன்ஸ் பால் குடிக்கிறாள் என்று சம்பந்தியம்மா சொன்னார்களாம். எந்த அவுன்ஸ் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் விசாரித்ததில் அமெரிக்க கேலன் சின்னதாக இருந்தாலும் அமெரிக்க அவுன்ஸ் நம்முடையதைவிடக் கொஞ்சம் பெரியதாம். ஆக, நாங்கள் இங்கே நினைப்பதைவிடப் பேத்தி சற்றுக் கூடுதலாகவே குடிக்கிறாள். கேட்டு மனசுக்கு நிறைவாக இருந்தது. குழந்தை நூறு வயசு இருந்து பெயர் விளங்க வாழட்டும். வித்யாலட்சுமி எழுந்து நடமாடும்வரை நீங்கள் அங்கேயே நிம்மதியாக இருங்கள், டிக்கெட்டை முன்னால் மாற்ற வேண்டாம். இங்கே இனி நடப்பதற்கு ஒன்றும் இல்லை. மாணிக்கத்தை ஒற்றை ஆளாகக் கொடுத்தீர்கள், ஒற்றை ஆளாகவே திருப்பித் தருவேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். குழந்தைக்கு முத்தம்.

என்றும் உங்கள் அன்புள்ள சம்பந்தி,
ஜெயவேலு

பின்குறிப்பு: கடிதத்தை மோனிகா வந்து போனில் படம் எடுத்து அனுப்பட்டும் என்று மேஜை மேல் வைத்துவிட்டு, மாணிக்கத்துக்குத் தீனி போடத் தொம்மலூர் போய் இப்போதுதான் திரும்பினேன். தொட்டியின் மூலைக் கல்மேல் ஜவ்வரிசியைக் கொட்டி ஒட்டியது மாதிரி முந்நூறுக்குக் குறையாமல் ஏதோ இருக்கிறது. பக்கத்தில் கை வைத்தால் மாணிக்கம் கடிக்க வருகிறான். படம் பிடித்து வின்சென்டுக்கு அனுப்பினேன். "அங்கிள், கங்கிராட்ஸ்! அத்தனையும் முட்டை. மருந்து செஞ்ச வேலை இல்ல, பேருதான் தப்பு. அது அவன் இல்ல, அவ" என்கிறார். ஆகவே மேலே 'அவன்' என்று வரும் இடங்களை எல்லாம் 'அவள்' என்று திருத்தி வாசிக்கவும், ஒற்றை ஆள் என்று எழுதிய வரியை அடித்துவிடவும். டிக்கெட் விஷயத்தையும் ஒருமுறை யோசிக்கவும். உங்கள் நான்கு பக்கத் தாளில் இதற்கு ஒன்றும் எழுதவில்லை. பிரசவம் பார்க்க நீங்கள் அமெரிக்கா போனீர்கள். தொம்மலூரில் பிரசவம் நான் பார்த்திருக்கிறேன், சம்பந்தி.